கோடை நாட்கள் யாருக்கு உரியவை?

ஆண்டின் கடைசித் தேர்வு முடிந்து, புத்தகப் பை ஒரு மூலையில் வைக்கப்பட்ட மறுநாளே நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது: "இந்தப் பிள்ளைகளை ஜூன் மாதம் வரை என்ன செய்வது?" கேள்வியின் அமைப்பையே சற்றுக் கவனிப்போம். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நாம் கேட்பதில்லை. பிள்ளைகளை என்ன செய்வது என்றே கேட்கிறோம். இதுநாள்வரை பள்ளி சுமந்துவந்த ஒரு பாரம் திடீரென நம் வாசலில் இறக்கி வைக்கப்பட்டது போன்ற தவிப்பு அக்கேள்வியில் மறைந்திருக்கிறது.

இத்தவிப்புக்கு இன்று இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. "ஆண்டு முழுவதும் படித்துக் களைத்த பிள்ளைகள், இப்போதாவது அவர்கள் போக்கில் விட்டுவிடுவோம்" என்பது முதல் விடை. அவ்வாறு விடப்பட்ட பிள்ளை வெயில் ஏறிய பின் எழுகிறது; கைப்பேசியுடன் அமர்கிறது; கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உண்கிறது; நள்ளிரவில் அதனருகிலேயே உறங்கிப்போகிறது. "ஒரு நாளும் வீணாகக் கூடாது" என்பது இரண்டாம் விடை. காலையில் அபாகஸ், பிறகு ஆங்கில உரையாடல் பயிற்சி, பிற்பகலில் அடுத்த வகுப்பின் பாடம், மாலையில் கராத்தே. மேல்நிலை வகுப்புப் பிள்ளையாயின் நாள் முழுவதும் நீட் தேர்வுப் பயிற்சி.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. முதல் விடைக்குக் காலம் என்பது எப்படியாவது கழித்துத் தீர்க்க வேண்டிய ஒன்று. இரண்டாம் விடைக்கு அது முதலீடு செய்து பெருக்க வேண்டிய ஒன்று. காலம் என்பது பெற்றுக்கொள்ள வேண்டிய கொடை என்னும் எண்ணம் இரண்டிலும் இல்லை.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்பது நலம். இந்தக் கோடை நாட்கள் யாருக்கு உரியவை? பெற்றோருக்கா? பிள்ளைக்கா? பிள்ளை என்றோ ஒருநாள் ஈட்டப்போகும் வருவாய்க்கா? அல்லது இறைவனுக்கா? இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே இந்நாட்களுக்கு நோக்கமும் ஒழுங்கும் அமையும்.

விடுதலும் முறையும்

'விடுமுறை' என்னும் நம் சொல்லில் இரு சொற்கள் இணைந்துள்ளன: விடு, முறை. வெறும் விடுதல் விடுமுறையாகாது. வெறும் முறையும் விடுமுறையாகாது. ஒன்றிலிருந்து விடுபட்டு, மற்றொரு முறைமைக்குள் நுழைவதே விடுமுறை. 'வீடு' என்னும் சொல்லும் 'விடு' என்பதிலிருந்தே பிறந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் வகுத்தபோது வீடு என்பது விடுதலையைக் குறித்தது. உழைத்துக் களைத்தவர் தம் சுமையை இறக்கித் தங்கும் இல்லத்துக்கும் அதே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! விடுமுறையும் வீடும் உடன்பிறந்த சொற்கள். பள்ளியிலிருந்து விடுபடும் பிள்ளை செல்ல வேண்டிய இடம் மற்றொரு பயிற்சிக்கூடம் அன்று, வீடு.

ஓய்வு வீண் என்று எண்ணுவோருக்கு மேலும் ஒரு சொல்லின் வரலாறு உதவும். ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்ற சொல் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. பிழைப்புக்கான ஓட்டத்திலிருந்து விடுபட்டு, உண்மையை அமைதியாகக் காணும் பொழுதையே அவர்கள் கல்வியின் இருப்பிடமாகக் கருதினர். இன்றோ ஓய்வின் பெயரைத் தாங்கிய பள்ளி பிள்ளையின் ஓய்வு முழுவதையும் விழுங்கிவிட்டது.

திருச்சபையின் மரபும் ஓய்வையும் விளையாட்டையும் இழிவாகக் கருதியதில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் பெரும் இறையியல் நூலில் விளையாட்டைப் பற்றியும் ஒரு பகுதி அமைத்துள்ளார். அங்கே நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றைச் சொல்கிறார். யோவான் தம் சீடருடன் விளையாடியதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்த பின், இடைவிடாது இவ்வாறே எய்துகொண்டிருக்க இயலுமா என்று வினவினார். இயலாது, வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித உள்ளமும் அத்தகையதே என்றாராம் யோவான். அதுமட்டுமன்று, விளையாட்டை அறவே வெறுத்துப் பிறரது மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பது ஒரு குறைபாடே என்றும் தாமஸ் அக்குவினாஸ் துணிந்து எழுதுகிறார். 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா அதனை 1992-இல் ஏற்றுக்கொண்டது. நம் பிள்ளையின் மாலைப்பொழுதைப் பயிற்சி வகுப்புக்கு விற்குமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும்.

நண்பகலின் சோதனை

ஆயினும் ஓய்வு வேறு, சிதறல் வேறு. நாள் முழுவதும் கைப்பேசியின் திரையில் ஆழ்ந்திருந்த பிள்ளை மாலையில் மலர்ந்த முகத்துடன் எழுவதில்லை. எரிச்சலுடனும் சோர்வுடனும் எழுகிறது. எதையும் செய்யாதிருந்தும் களைப்பு எவ்வாறு வந்தது? இதனை நமக்கு விளக்குபவர் 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி. தனியறையில் வாழும் துறவியை நண்பகல் வேளையில் ஒரு சோதனை வந்து பற்றுகிறது என்கிறார் அவர். கதிரவன் நகராமல் நிற்பது போலவும், ஒரு பகல் 50 மணி நேரம் நீள்வது போலவும் தோன்றும். துறவி அடிக்கடி சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பார். உணவு வேளை நெருங்கிவிட்டதா என்று வானத்தை நோக்குவார். யாரேனும் தம்மைக் காண வரமாட்டார்களா என்று ஏங்குவார். தாம் இருக்கும் இடமும் செய்யும் பணியும் அவருக்குக் கசந்துபோகும்.

மே மாதத்துக் கத்திரி வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு, நம் வீட்டுப் பிள்ளை சொல்லும் சொல்லும் இதுதானே: "பொழுதே போகவில்லை, அம்மா!" பாலைநிலத் துறவிக்கும் நம் பிள்ளைக்கும் வந்திருப்பது ஒரே சோதனை. துறவிக்கு இல்லாத ஒரு வசதி நம் பிள்ளைக்கு உண்டு. அவர் சாளரத்தை எட்டிப் பார்த்தார். நம் பிள்ளையின் கையிலேயே முடிவற்ற ஒரு சாளரம் இருக்கிறது.

எவாகிரியுஸ் கூறும் மருந்து எளியது, கடினமானது: ஓடாதே, அறையிலேயே நிலைத்திரு. அப்படி நிலைத்திருப்பவரது உள்ளத்தில், இச்சோதனை கடந்தபின், வேறெந்தச் சோதனைக்குப் பின்னும் வராத அமைதியும் மகிழ்வும் பிறக்கும் என்கிறார் அவர். பெற்றோர் அனைவரும் உள்ளத்தில் இருத்தத்தக்க செய்தி இது. பொழுது போகவில்லை என்று பிள்ளை சொன்னவுடன் நாம் பதறுகிறோம். கைப்பேசியைக் கொடுக்கிறோம், அல்லது ஒரு வகுப்பில் சேர்க்கிறோம். இரண்டுமே அறையைவிட்டு ஓடச் செய்யும் வழிகள். சற்றுப் பொறுத்தால், வெறுமையாகத் தோன்றிய அந்த ஒரு மணி நேரத்தின் மறுகரையில்தான் பிள்ளை ஒரு பழைய அட்டைப்பெட்டியில் தேர் செய்யத் தொடங்கும், பாட்டியிடம் சென்று, "நீங்கள் சிறுமியாக இருந்தபோது என்ன விளையாடினீர்கள்?" என்று கேட்கும், எறும்பு ஊர்ந்து செல்வதை வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கும்.

'பொழுதுபோக்கு' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். பொழுதைப் போக்கித் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமே அச்சொல்லில் இருக்கிறது. பொழுதைப் போக்குவதன்று, பொழுதை ஏற்பதே நம் பிள்ளைகள் கோடையில் கற்க வேண்டிய முதற்பாடம்.

கோடை உழவு

'கோடை உழவு கோடி நன்மை' என்பது நம் உழவர் வாக்கு. கோடையில் நிலத்தில் பயிர் இல்லை. ஆனால் அறிந்த உழவர் அந்நிலத்தை இறுகிக் கிடக்க விடுவதில்லை. அதில் உடனே விதைத்துவிடவும் முனைவதில்லை. கோடை மழையின் ஈரத்தில் ஓர் உழவு உழுது, மண்ணைப் பிளந்து வெயிலும் காற்றும் படவிடுகிறார். களையும் புழுவும் மடிகின்றன. அடுத்து வரும் மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது.

நம் கடற்கரை மக்களும் இதே பாடத்தை வேறு வகையில் கற்றிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருகக் கடலுக்கு ஓய்வு அளிக்கப்படுகிறது. அந்நாட்களில் படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகின்றன, கிழிந்த வலைகள் சீராக்கப்படுகின்றன. அந்த 61 நாட்களில் பல வீடுகளில் வருவாய் குன்றி அடுப்பெரிவதே அரிதாகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் அந்த ஓய்வைக் கடலிடமிருந்து பறித்துக்கொண்டால் பின்வரும் மாதங்களில் வலையில் ஒன்றும் விழாது என்பதை அவர்கள் அறிவர்.

நம் பிள்ளைகளின் கோடையும் இத்தகையதே. அது தரிசாகக் கிடக்க வேண்டிய காலமும் அன்று, அவசர விதைப்புக்குரிய காலமும் அன்று. உள்ளம் திறக்கப்பட வேண்டிய காலம். "இந்தக் கோடையில் பிள்ளை என்ன கற்றான்?" என்று கேட்பதைவிட, "இந்தக் கோடையில் யாருடன் வாழக் கற்றான்?" என்று கேட்பதே பொருத்தம். இறைவனுடனும், உடன்பிறந்தாருடனும், அயலாருடனும், தன்னோடு தானும் அமைதியாக வாழக் கற்றுக்கொள்வதே கோடையின் நோக்கம். நாசரேத்து இல்லத்தைப் பற்றி லூக்கா நற்செய்தி (2:51–52) கூறுவதும் அதுவே. சிறுவன் இயேசு பெற்றோருக்குப் பணிந்து வாழ்ந்தார்; ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும், கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராகவும் வளர்ந்தார். மீட்பரின் வாழ்வில் மிக நீண்ட பகுதி இதுதான்; அதனைப் பற்றி எழுதப்பட்டிருப்பதோ மிகச் சில வரிகள். அளந்து காட்ட முடியாத வளர்ச்சியை இறைத் தந்தை அவ்வளவு மதித்தார்.

வெயிலை அறிந்த ஒழுங்கு

இனி ஒழுங்கைப் பற்றிச் சிந்திப்போம். ஒழுங்கு என்றவுடன் சுவரில் ஒட்டிய கால அட்டவணை நம் நினைவுக்கு வருகிறது. அட்டவணை முதல் மூன்று நாட்கள் பின்பற்றப்படும். நான்காம் நாள் உறவினர் வருவர். ஐந்தாம் நாள் அது நம்மைக் குற்றம் சாட்டத் தொடங்கும். ஆறாம் நாள் கிழிக்கப்படும். நாம் வேண்டும் ஒழுங்கு இதுவன்று. அலைகளுக்கு ஒழுங்கு உண்டு, அட்டவணை இல்லை.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 48-ஆம் இயலில் கோடைக்கெனத் தனியே ஒரு வழி வகுத்திருக்கிறார். உயிர்ப்புப் பெருவிழா முதல் அக்டோபர் தொடக்கம் வரை, காலையில் வெயில் ஏறுமுன் உடலுழைப்பு; ஏறக்குறைய பத்து மணி முதல் நண்பகல் வரை வாசிப்பு; உணவுக்குப் பின் அவரவர் படுக்கையில் மௌன ஓய்வு; அவ்வேளையில் வாசிக்க விரும்புவோர் பிறர் உறக்கம் கலையாதவாறு வாசிக்கலாம்; பின்னர் செபம்; மாலை வரை மீண்டும் உழைப்பு. சோம்பலை ஆன்மாவின் பகையாகக் கண்ட அதே முனிவர், வெயிலையும் மனித உடலின் தளர்வையும் மறக்கவில்லை. வலுவற்றோரை மனத்தில் கொண்டே எல்லாம் அளவோடு அமைய வேண்டும் என்பது அவரது எண்ணம்.

நம் மண்ணுக்கு எவ்வளவு இசைந்த ஒழுங்கு இது! விடியற்காலைக் குளிர்ச்சியில் எழுந்து செபமோ திருப்பலியோ. வெயில் ஏறுமுன் ஒரு வீட்டு வேலை. பின் ஒரு நல்ல நூல். நண்பகலில் உறக்கமோ அமைதியோ. வெயில் தாழ்ந்தபின் தெருவிலும் திடலிலும் ஓட்டமும் விளையாட்டும். இரவில் செபமாலையும் அனைவரும் அமர்ந்துண்ணும் உணவும். இதில் கடிகாரம் முதன்மையன்று, வரிசையே முதன்மை. ஒன்றன்பின் ஒன்று வரும் என்று பிள்ளை அறிந்தால் போதும். ஒருநாள் தவறினால் மறுநாள் அதே வரிசையில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். தவறியவரைத் தண்டிக்கும் அட்டவணைக்கும், தவறியவரைத் திரும்பவும் ஏற்றுக்கொள்ளும் ஒழுங்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நாளுக்கு உள்ளது போன்றே வாரத்துக்கும் பருவத்துக்கும் ஒழுங்கு உண்டு. நம் கோடை விடுமுறை பெரும்பாலும் பாஸ்கா காலத்திலேயே அமைகிறது. மே முதல் நாள், உழைப்பாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் ஏற்படுத்தியது. அன்று பிள்ளைகள் அப்பாவின் பணியிடத்தைச் சென்று பார்க்கலாம். அவர் கைகள் ஏன் காய்த்திருக்கின்றன என்று கேட்கலாம். மே மாதம் முழுவதும் அன்னை மரியாவின் வணக்க மாதம். அம்மாதத்தின் இறுதி நாளில், 1969-ஆம் ஆண்டின் நாள்காட்டிச் சீரமைப்புக்குப் பின், மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவைக் கொண்டாடுகிறோம். மரியா தம் உறவினரின் இல்லத்துக்கு மலைநாடு கடந்து சென்றார். ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். நம் பிள்ளைகளும் கோடையில் தாத்தா பாட்டி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் செல்கிறார்கள். நுங்கு தின்னவும் கிணற்றில் குதிக்கவும் மட்டுமா? முதியவருக்கு ஒரு குடம் நீர் எடுத்துத் தரவும், கண் மங்கிய பாட்டிக்கு விவிலியம் வாசித்துக் காட்டவும் அவர்கள் செல்வார்களாயின் அப்பயணமே வணக்க மாதத்தின் மெய்யான காணிக்கையாகும்.

யார் ஓய்வெடுப்பதில்லை?

ஓய்வுநாள் கட்டளையை (இணைச்சட்டம் 5) நாம் மீண்டும் கவனமாக வாசிக்க வேண்டும். மகனும் மகளும் மட்டுமல்லர். ஆணடிமையும் பெண்ணடிமையும் அந்நியரும், மாடும் கழுதையும்கூட ஓய்வு பெற வேண்டும் என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஓய்வு ஒருவர் மட்டும் துய்க்கும் இன்பம் அன்று. எவரும் விடுபடாதவாறு பகிரப்பட வேண்டிய நீதி. அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். இங்கே ஓய்வெடுக்காதவர் யார்?

பெரும்பாலும் அது வீட்டின் தாயே. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் அவருக்குக் கோடைக்கால இரட்டைச் சுமை. மூன்று வேளை சமையல், இடையிடையே பலகாரம், விருந்தினர், குவியும் துணிகள். மகளைத் துணைக்கு அழைத்து, மகனைத் திடலுக்கு அனுப்பும் வழக்கம் நம் கிறிஸ்தவ இல்லங்களிலிருந்தும் இன்னும் அகலவில்லை. தான் உண்ட தட்டைத் தானே கழுவாத சிறுவனுக்கு, சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி எந்த மறைக்கல்வி வகுப்பு கற்பிக்க இயலும்? ஆகவே கோடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், தனக்கே உரிய ஒரு வேலை இருக்கட்டும். செடிகளுக்கு நீர் ஊற்றுவது ஒருவர் பொறுப்பு. காய் நறுக்குவது மற்றொருவர் பொறுப்பு. துணி மடிப்பது இன்னொருவர் பொறுப்பு. அது கூலிக்காகச் செய்யப்படுவதன்று. அதனைச் செய்யாவிடில் வீட்டில் ஒரு குறை ஏற்படும் என்று பிள்ளை உணரும் அளவுக்கு மெய்யான வேலையாக இருக்க வேண்டும். தான் தேவைப்படுகிறோம் என்று அறிவது பிள்ளைக்கு எந்தப் பரிசையும்விட மேலானது.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்தாக வேண்டும். வேலையைப் பகிர்வது வேறு; பிள்ளையின் உழைப்பை உறிஞ்சுவது வேறு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயது நிரம்பாத குழந்தை பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறை நாட்களிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. குடும்பம் என்ற பெயரில் எத்தனைப் பிள்ளைகளின் கோடை கடைகளிலும் பட்டறைகளிலும் கரைந்துபோகிறது! சட்டம் அனுமதிப்பது அனைத்தும் அன்பு அனுமதிப்பது ஆகாது. அவ்வேலை பிள்ளையின் விளையாட்டையும் உறக்கத்தையும் பறிக்கிறதா என்பதை நம் மனச்சான்று கேட்க வேண்டும்.

மதிலுக்கு அப்பால்

இவ்வளவையும் கேட்டபின் ஒரு தாய் நம்மிடம் நியாயமாகவே வினவலாம்: "நாங்கள் இருவரும் விடியலில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறோம். ஒற்றை அறை வீடு. அருகில் பாட்டியும் இல்லை. எங்களுக்கு இந்த ஒழுங்கெல்லாம் எவ்வாறு இயலும்?" இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு அவரது மடத்தில் நிலைத்ததற்குக் காரணம் அங்கே ஒருவர் தனியாக இல்லை என்பதே. தனித்து நிற்கும் குடும்பத்தின்மேல் முழு ஒழுங்கின் சுமையையும் ஏற்றுவது இரக்கமன்று.

அத்தகைய பெற்றோருக்கு நாள் முழுவதும் வேண்டியதில்லை. இரு முனைகள் போதும். காலையில் புறப்படுமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி. இரவில் கைப்பேசிகளைத் தொலைவில் வைத்துவிட்டு அனைவரும் அமர்ந்து உண்ணும் அரைமணி நேரம். இரு முனைகளிலும் கட்டப்பட்ட கயிறு நடுவே சற்றுத் தொய்ந்தாலும் அறுந்துவிடாது. நடுப்பகுதியை நிரப்புவது நம் அன்பியங்களின் கடமை. ஒரு தெருவில் நான்கு குடும்பங்கள் இருப்பின், வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு வேப்பமரத்தடியில் அமர்த்திக் கதை சொல்ல இயலாதா? பங்கின் மண்டபமும் திடலும் மே மாதத்தில் பூட்டிக் கிடப்பானேன்?

தூய தொன் போஸ்கோ விடுமுறையில் தம் சிறுவரை அவர்கள் போக்கில் விட்டுவிடவில்லை; வகுப்பறைக்குள் அடைக்கவும் இல்லை. இலையுதிர்காலத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். இசைக்குழுவும் நாடகமும் உடன் சென்றன. செல்லும் ஊர்க் கோவிலில் சிறுவர் பாடினர். 1864-ஆம் ஆண்டு நடைப்பயணத்தில் அவர்கள் மொர்னேசே என்னும் சிற்றூரை அடைந்தபோது அங்கே மரிய மசரெல்லோ என்னும் இளம்பெண்ணைத் தொன் போஸ்கோ சந்தித்தார். 1872-இல் அவ்விருவராலும் சலேசிய சகோதரிகள் சபை உருவாயிற்று. சிறுவரின் விடுமுறை நடை ஒன்று திருச்சபைக்கு என்ன கொண்டுவரும் என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல இயலும்?

இன்னும் ஒரு குழந்தையை நாம் நினைக்காமல் இருத்தல் தகாது. தமிழ்நாட்டில் 1982-இல் தொடங்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாட்களில் எத்தனையோ குழந்தைகளின் பசியைத் தீர்க்கின்றன. பள்ளி மூடப்படும்போது அத்தட்டும் மூடப்படுகிறது. நம் பிள்ளை பொழுது போகவில்லை என்று சொல்லும் அதே நண்பகலில், அடுத்த தெருக் குழந்தைக்குப் பசி போகவில்லை. கோடையில் வாரம் ஒருமுறையேனும் நம் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கப்படட்டும். பிச்சையாக அன்று, விளையாட்டுத் தோழனுக்கு இடும் விருந்தாக. நம் வீட்டு மதிலோடு நின்றுவிடும் ஒழுங்கு எவ்வளவு அழகாயினும் அது கிறிஸ்தவ ஒழுங்கு ஆகாது.

உழுபவரின் பொறுமை

2016-ஆம் ஆண்டு வெளியான 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் பிள்ளை வளர்ப்புக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். பிள்ளை இருக்கும் இடத்தை ஓயாது கண்காணிப்பதால் கல்வி விளையாது. பிள்ளையின் உள்ளத்தில் மெல்ல முதிரும் சுதந்திரத்தைத் தொடங்கி வைப்பதே முதன்மை என்பது அவரது கருத்து. பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். காத்திருக்கத் தெரியாத பெற்றோர் அதனைக் கற்பிப்பது எங்ஙனம்? உணவு மேசையில் தந்தையின் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருக்கையில் மகனின் கைப்பேசியைப் பறிப்பதால் ஒழுங்கு பிறக்காது. இல்லத் திருச்சபையில் பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு முதல் நற்செய்தியாளர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் உரைத்தபோது, வாயுரையோடு வாழ்க்கை முன்மாதிரியையும் சேர்த்தே உரைத்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அயலார் கேட்பார்கள்: "உங்கள் பிள்ளை இந்தக் கோடையில் என்ன வகுப்புக்குச் சென்றான்?" அப்போது காட்டுவதற்கு நம் கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்பிள்ளை ஒரு நூலை முடிவுவரை வாசித்திருப்பான். ஒரு செடியை வாடாமல் காத்திருப்பான். தங்கையுடன் சண்டையிட்டுச் சமாதானமும் ஆகியிருப்பான். தாத்தாவின் கதையைத் தன் நெஞ்சில் சேர்த்திருப்பான். இரவுச் செபத்தில் அடுத்த தெருத் தோழனின் பெயரைச் சொல்லக் கற்றிருப்பான். நண்பகலின் வெறுமையைக் கண்டு அஞ்சாமல் அதனூடே நடந்து மறுகரை சேர்ந்திருப்பான்.

கோடை நாட்கள் யாருக்கு உரியவை என்று தொடக்கத்தில் வினவினோம். அவை இறைவனுக்கு உரியவை; பிள்ளைக்கு அருளப்பட்டவை; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. விதைப்பவரும் மழை பொழிபவரும் வேறு ஒருவர். மண் இறுகிப்போகாமல் திறந்து வைப்பதே நம் பணி. அப்பணியை இந்தக் கோடையில் அன்போடும் பொறுமையோடும் செய்வோமாக.